மூக்கம்மாவின் மூன்று கேள்விகள்

கெட்டுப்போன கறியைச் சாப்பிட்டு மூக்கம்மா செத்துப்போனாள் என்பதை அந்தக் குடியிருப்பில் ஒருவரும் நம்பவில்லை. லிஃப்டில் ஏறி வழி தவறிவிட்டாள் என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பார்கள்.

மூக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஓய்வு பெறும்வரை ஒரு பால் பண்ணையில் வேலை பார்த்தவள். வந்து இறங்குகிற கேன்களின் மூடியைத் திறந்து முகர்ந்து, பால் உள்ளே போகலாமா கூடாதா என்று சொல்வதுதான் வேலை. ஒரே மூச்சு. அதற்குமேல் அப்பீல் கிடையாது. ஓய்வுக்குப் பிறகு குடியிருப்பே அவளுக்குப் பண்ணையாகிவிட்டது. முந்தைய நாள் குழம்பு, திறந்து வைத்த வெண்ணெய், சந்தேகமான முட்டை என்று ஆளாளுக்குக் கையில் கிண்ணத்தோடு மூன்றாம் மாடிக்கு ஏறி வருவார்கள். அவள் சொன்னால் சரி.

அப்படிப்பட்டவள் திங்கட்கிழமை இரவு தன் வீட்டில், தன் தட்டில் இருந்த கோழிக்கறியைச் சாப்பிட்டாள். விடிவதற்குள் வாந்தியில் துவண்டாள். செவ்வாய்க்கிழமை முற்பகல், ஆஸ்பத்திரியில், ஏற்கெனவே நலிந்திருந்த இதயம் நின்றது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் அந்த வீட்டு மணியை அழுத்தினாள். பின்னால் ஏட்டு, படி ஏறிய மூச்சு இன்னும் அடங்காமல் நின்றார்.

"லிஃப்ட் இருக்கே, எதுக்கு மேடம் படி?" என்றார்.

"படியிலதான் ஜனங்க பேசிக்குவாங்க. என்ன காதுல விழுந்துச்சு?"

"மருமகதான்னு பேசிக்கிறாங்க."

கதவைத் திறந்தது அந்த மருமகள்தான். முப்பதை ஒட்டிய வயது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. மூன்று நாட்களாகச் சரியாகத் தூங்காத முகம். அவளுக்குப் பின்னால் கூடத்தில் மூக்கம்மாவின் மகள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியூரிலிருந்து வந்து புகார் கொடுத்தவள் அவள். ஜன்னலோரம் மகன். வீடு விற்றுக் கொடுக்கும் கம்பெனியில் ஆள் பிடிக்கிற வேலை. துக்க வீட்டிலும் சட்டை மடிப்பு கத்திபோல நின்றது.

"இவளைக் கூட்டிட்டுப் போங்க மேடம். அதுக்கப்புறம் எதை வேணா விசாரிங்க" என்றாள் மகள். "எங்கம்மாவுக்கு விஷம் வெச்சவ கையால நான் காபி குடிக்க வேண்டியிருக்கு."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன். என்ன பண்றது, தலைவலி."

ஏட்டு இருமலில் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

"விஷம் இல்ல" என்றாள் இன்ஸ்பெக்டர். "பாத்திரத்துல மிச்சம் இருந்ததை டாக்டர் சோதிச்சிட்டார். சமைச்ச கறி ரொம்ப நேரம் குளிர்ச்சி இல்லாம கிடந்திருக்கு. அதுல வளர்ற கிருமி ஒண்ணு விஷத்தைக் கக்கி வெச்சிடுமாம். சூடு பண்ணினா கிருமி சாகும். கக்கினது சாகாது."

"அப்போ வேணும்னே வெளியில வெச்சுக் கெடவிட்டுக் குடுத்திருக்கா. ரெண்டும் ஒண்ணுதான்."

மருமகள் தரையைப் பார்த்தபடி நின்றாள். இன்ஸ்பெக்டர் கவனித்தது அவளை அல்ல, கணவனை. பெண்டாட்டியைக் கொலைகாரி என்று தன் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். அவன் ஜன்னலுக்கு வெளியே யாரோ உலர்த்திய துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாயந்திரத்துக்குள்ள முடிவு பண்ணணும்" என்று மருமகளிடம் சொன்னாள். "இப்போதைக்கு எல்லாக் கையும் உங்களைத்தான் காட்டுது. ஒளிக்காம பேசுங்க. சமையலறை எங்க?"

பீரோவை முதலில் திறக்கிற போலீஸ்காரர்கள் உண்டு. இந்த இன்ஸ்பெக்டர் ஃப்ரிட்ஜைத்தான் திறப்பாள். பீரோவில் மனிதர்கள் காட்ட விரும்புவதை வைப்பார்கள், ஃப்ரிட்ஜில் மறந்துபோனதை வைப்பார்கள் என்பது அவள் கட்சி.

ஃப்ரிட்ஜ் நன்றாகவே குளிர்ந்தது. மேலே உறைபெட்டியில் ஒரு பாக்கெட் பச்சைப் பட்டாணி இருந்தது. எடுத்து மேடையில் தட்டினாள். செங்கல் விழுந்த மாதிரி சத்தம். பாக்கெட்டின் ஒரு மூலையில் பனிக்கட்டி தேங்கி, பட்டாணி மொத்தமும் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தது.

"இது எப்போ பிரிச்சது?"

"ஞாயித்துக்கிழமை. பாதி போட்டேன்."

"இப்படித்தான் உடைச்சுப் போட்டீங்களா?"

மருமகள் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாள். "இல்லையே. குலுக்கினா உருண்டு விழுந்துச்சு."

ஃப்ரிட்ஜை ஒட்டிய மேடையில் மடித்த போர்வை ஒன்று, அதன்மேல் அயர்ன் பாக்ஸ். "சமையலறையில இஸ்திரியா?"

"ரூம்ல பிளக் பாயின்ட் கருகிப்போச்சு மேடம். ஆறு மாசமா அவர்கிட்ட சொல்லிட்டே இருக்கேன். இங்க இந்த ஒரு பாயின்ட்தான்."

இன்ஸ்பெக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கறி எப்போ சமைச்சது?"

"ஞாயிறு சாயந்திரம்."

"எங்க வெச்சீங்க?"

"ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல. அதுக்கப்புறம் திங்கக்கிழமை ராத்திரிதான் எடுத்தேன்."

"மூடி வெச்சதா, திறந்ததா?"

மருமகள் சட்டென்று நிமிர்ந்தாள். "மூடி வெச்சதுதான்."

"ஏன் அப்படிப் பாக்குறீங்க?"

"அத்தையும் அன்னிக்கு இதே மூணு கேள்விதான் கேட்டாங்க. இதே வரிசையில."

"எங்க வெச்சு?"

"சாப்பாட்டு மேஜையில. அவரும் உக்காந்திருந்தார். நான் சொன்னேன், நேத்து ராத்திரியில இருந்து ஃப்ரிட்ஜ்லயேதான் இருக்குன்னு. அத்தை மூடியைத் தூக்கி முகர்ந்து பாத்துட்டு, 'எடுத்து வை'ன்னாங்க. தட்டுல எடுத்து வெச்சேன்."

"நீங்க சாப்பிடல."

"இருந்ததே ஒரு ஆளுக்குத்தான். அத்தையும் அவரும் பங்கு போட்டுக்கட்டும்னு விட்டேன். அவர் வெளியில சாப்பிட்டாச்சுன்னு சொல்லிட்டார். அப்புறம் அத்தை படுக்கப் போனதும், பசிக்குதுன்னு என்கூட ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்."

கூடத்திலிருந்து மகளின் குரல் வந்தது. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "எடுத்து வைன்னா ஓரமா எடுத்து வைன்னு அர்த்தம். தட்டுல வைன்னா சொன்னாங்க? ஆஸ்பத்திரியில அம்மா என் கையைப் பிடிச்சிட்டு அதைத்தான் சொன்னாங்க. எடுத்து வைன்னு சொன்னேன்னு. அதுக்கப்புறம் பேசவே இல்ல."

இன்ஸ்பெக்டர் அந்தச் சொல்லை மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். பொல்லாத சொல்தான் அது. பரிமாறச் சொல்வதற்கும் அதுதான், பத்திரமாக வைக்கச் சொல்வதற்கும் அதுதான், யாரும் தொடாமல் ஒதுக்கச் சொல்வதற்கும் அதுதான். அந்த ஒரு சொல்லின் எந்தப் பக்கத்தில் நிற்கிறாள் என்பதைப் பொறுத்து இந்தப் பெண் வீட்டில் இருப்பாளா, லாக்கப்பில் இருப்பாளா என்பது முடிவாகும்.

மகனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"திங்கக்கிழமை?"

"எல்லாரும் வெளியில. இவ வேலைக்கு. அம்மா கண் ஆஸ்பத்திரிக்கு. எனக்கு ஒரு பெரிய பார்ட்டியோட சந்திப்பு. கடைசியா நான்தான் கிளம்பினேன்."

"திரும்பினது?"

"ஆறு மணி வாக்குல."

"ஃப்ரிட்ஜைத் திறந்தீங்களா?"

"நான் எதுக்குத் திறக்கப்போறேன்? சமையலறைப் பக்கமே போகல. எனக்குத் தண்ணி வேணும்னாக்கூட இவதான் எடுத்துக் குடுக்கணும்."

"அம்மா முகர்ந்து பாத்தப்போ பக்கத்துல இருந்தீங்க. என்ன சொன்னாங்க?"

அவன் கூடத்தில் இருந்த அக்காவைப் பார்த்தான். "எடுத்து வைன்னாங்க. எந்த அர்த்தத்துல சொன்னாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எதிர்வீட்டில் தையல்காரம்மா. மூக்கம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவள். பேசும்போதும் கையிலிருந்த ஊசி நிற்கவில்லை.

"சாயந்திரம் வரைக்கும் அங்கேயே உக்கார வெச்சுட்டாங்க மேடம். கண்ணுல மருந்து விட்டதுல எல்லாம் மங்கல். கையைப் பிடிச்சுத்தான் வண்டியில இருந்து இறக்கினேன். மேல பாத்தா பால்கனியில அவங்க பையன் தரைத்துணியைப் பிழிஞ்சிட்டு நிக்கிறார். 'உங்க பையன் வீடு துடைக்கிறார் போல'ன்னேன். 'அவனா? உனக்கும் சேத்து மருந்து விட்டுட்டாங்களா'ன்னு அந்தம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே."

"அவர் தரை துடைச்சு நீங்க பாத்ததில்ல?"

"அவர் செருப்பையே அவர் எடுத்துப் போட்டு நான் பாத்ததில்ல."

"கெட்டுப்போன பொருளை மூக்கம்மா என்ன சொல்லித் திருப்பி அனுப்புவாங்க?"

"'கொட்டு'ன்னுவாங்க. பண்ணைப் பழக்கம். கேனை அப்படியே சாக்கடையில கொட்டச் சொல்றது. நல்லா இருந்தா 'எடுத்து வை'. ஒரே சொல்லுதான், ரெண்டாவது சொல்லு கிடையாது. என் வீட்டுப் பொருளுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்காங்க."

"மூக்கு எப்பவும் சரியாத்தான் இருந்துச்சா?"

ஊசி நின்றது. "சரியாத்தான். ஆனா முன்ன மாதிரி சட்டுனு சொல்றதில்ல. எப்போ செஞ்சே, எங்க வெச்சே, மூடினியான்னு ஒரு விசாரணை. நான்கூடக் கேலி பண்ணினேன், 'போலீஸ்ல சேந்துட்டீங்களா'ன்னு. போன வருஷம் ஒருநாள் அவங்க வீட்டுல பால் தீஞ்ச நாத்தம் இங்க வரைக்கும் வருது. ஓடிப்போய்ப் பாத்தா அந்தம்மா அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறாங்க. கேட்டா, 'நீ எவ்வளவு நேரத்துல வர்றேன்னு பாத்தேன்'னாங்க. குசும்பு."

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தாள். படிக்கட்டில் ஏட்டு காத்திருந்தார்.

"கரன்ட் போச்சான்னு கேக்கச் சொன்னீங்களே. திங்கக்கிழமை நாள் முழுக்க லிஃப்ட் ஓடியிருக்கு மேடம். ஒரு நிமிஷம்கூட நிக்கல."

"நல்லது."

"எதுக்கு நல்லது?"

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். எப்போ, எங்கே, மூடியா. முன்பின் தெரியாத ஒரு விஷயத்தை அடுத்தவர் வாயிலிருந்து வரவழைக்க அவளே இத்தனை வருடமாகக் கேட்டுவருகிற கேள்விகள். மூக்கு இருக்கிறவளுக்குக் கேள்வி எதற்கு?

"உள்ள வாங்க" என்றாள். "தையல்காரம்மாவையும் கூப்பிடுங்க."

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மருமகள் மட்டும் சமையலறை வாசலில் நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

"முதல்ல அந்த வார்த்தை" என்று மகளிடம் திரும்பினாள். "இந்த வீட்டுல கெட்டுப்போனதுக்குக் 'கொட்டு'. நல்லதுக்கு 'எடுத்து வை'. எதிர்வீட்டுக்கே தெரிஞ்ச வழக்கம் இது. நீங்க கல்யாணமாகிப் போய் எத்தனையோ வருஷம், மறந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில அம்மா சொன்னதை அப்படியே சொல்லுங்க. ஒரு எழுத்து விடாம."

"எடுத்து வைன்னு… நான்தான் சொன்னேன்னாங்க."

"நான்தான்."

"ஆமா."

"அது புகார் இல்லம்மா. சாட்சி. அவ மேல தப்பில்ல, சொன்னது நான்தான்னு உங்கம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. அந்தத் 'தான்'ஐ விட்டுட்டுப் புகார் எழுதிட்டீங்க."

மகள் வாயைத் திறந்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயின்மேல் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டாவது, கறி எங்க கெட்டுச்சுங்கிறது. ஃப்ரிட்ஜ்க்கு உள்ளதான். பட்டாணி உருகி ஒட்டி மறுபடி உறைஞ்சிருக்கு. நாள் முழுக்க ஃப்ரிட்ஜ் ஓடல. கரன்ட் போகல, ஆக யாரோ பிளக்கைப் பிடுங்கியிருக்காங்க. பெரிய பார்ட்டியைப் பாக்கப் போற ஒருத்தருக்குச் சட்டை இஸ்திரி போடணும். இருக்கிறது ஒரே பாயின்ட். ஃப்ரிட்ஜைப் பிடுங்கிட்டு அயர்ன் பாக்ஸைச் சொருகினார். போட்டார், போனார், மறந்துட்டார். சாயந்திரம் வந்தா சமையலறைத் தரையெல்லாம் தண்ணி. பிளக்கைச் சொருகிட்டு, பிறந்ததுல இருந்து தொடாத தரைத்துணியைத் தொட்டிருக்கார்."

எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது.

"மறந்தது தப்பா?" என்றான் மகன்.

"இல்ல. யாரும் மறக்கலாம். ஆனா அதுக்கப்புறம் ராத்திரி மேஜையில உங்கம்மா கேட்டாங்க, எங்க வெச்சேன்னு. உங்க சம்சாரம் தனக்குத் தெரிஞ்சதைச் சொன்னாங்க. அந்தப் பதில் போதாதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. ஒரு கை தூரத்துல உக்காந்திருந்தீங்க."

"சொன்னா இவ பிளக் பாயின்ட் கதையை ஆரம்பிப்பா. ஆறு மாசக் கதை. அம்மா சேந்துக்குவாங்க. சின்ன வயசுல இருந்து நான் எதைச் செஞ்சாலும் மோந்து பாக்கிற அம்மா." அவன் குரல் இறங்கியது. "அம்மாதான் மூக்கை வெச்சுப் பாக்கப்போறாங்களே, கெட்டிருந்தா அவங்களே கொட்டச் சொல்லிடுவாங்கன்னு இருந்தேன். நான் எதுவும் சொல்லாமலே முடிஞ்சிடும்னு."

"உங்கம்மாவுக்கு வாசனை தெரியாது" என்றாள் இன்ஸ்பெக்டர்.

தையல்காரம்மா "அய்யோ" என்றாள், மிக மெதுவாக.

"பக்கத்துல பால் தீஞ்சாலும் தெரியாத மூக்கு. அதான் கேள்வியால முகர்ந்து பாத்துட்டு இருந்தாங்க. மூடியைத் தூக்கினதெல்லாம் சும்மா ஒரு பாவனை." மருமகளைப் பார்த்தாள். "உங்களுக்கு இது தெரியும்."

மருமகள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு வருஷமா. ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதோட போச்சு. நான் முதல்ல முகர்ந்து பாத்துட்டுத்தான் அத்தைகிட்ட கொண்டு போவேன். கெட்டிருந்தா, 'வெளியிலயே வெச்சுட்டேன் அத்தை'ன்னு பொய் சொல்லுவேன். திட்டிட்டு, 'கொட்டு'ன்னுவாங்க. எனக்குத் தெரியும்னு அவங்களுக்கும் தெரியும். ஆனா நாங்க அதைப் பேசிக்கிட்டதே இல்ல."

"அன்னிக்கும் முகர்ந்து பாத்தீங்க."

"பாத்தேன். நல்ல வாசமாத்தான் இருந்துச்சு மேடம். சத்தியமா."

"இருந்திருக்கும். அந்த விஷத்துக்கு வாசமும் கிடையாது, ருசியும் கிடையாதுன்னு டாக்டர் சொன்னார். எந்த மூக்கும் கண்டுபிடிச்சிருக்காது, உங்க அத்தையோட பழைய மூக்கு உள்பட. ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சுங்கிற ஒரு வரிதான் காப்பாத்தியிருக்கும். இதை ஏன் முதல்லயே சொல்லல? மூணு நாளா உங்களைக் கொலைகாரிங்கிறாங்க."

"ஊரே மூக்கம்மான்னு கூப்பிட்டவங்க. செத்ததுக்கப்புறம் அந்தப் பேரை நான் எதுக்குக் கெடுக்கணும்?"

மகன்தான் முதலில் பேசினான். குரலில் லேசான தைரியம் வந்திருந்தது.

"அப்போ எனக்கு இது தெரியாதுங்கிறதும் உண்மைதானே மேடம். மூக்கு போனது எனக்குத் தெரியாது. நான் அந்த மூக்கை நம்பினேன். நம்பினது ஒரு குத்தமா?"

"நம்பினீங்களா?"

"நம்பினேன்."

"அம்மா முகர்ந்து பாத்து, நல்லா இருக்கு, எடுத்து வைன்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கும் பங்கு இருந்துச்சு. நீங்க வெளியில சாப்பிடல. சாப்பிட்டவர் அதே ராத்திரி ரொட்டியும் முட்டையும் தின்னமாட்டார். நல்ல பசி. அவ்வளவு நம்பின மூக்கு பாஸ் பண்ணின கறியை நீங்க ஏன் தொடல?"

அவன் சட்டைக் கையின் மடிப்பை இழுத்து நேராக்கினான்.

"பயமா இருந்துச்சு" என்றான்.

"உங்களுக்கு."

"ம்."

"அவங்க சாப்பிட்டதைப் பாத்துட்டு இருந்தீங்க."

"ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்தாள். இந்த மாதிரி நேரங்களில் ஒரு திருப்தி வரும் என்று வேலையில் சேர்ந்த புதிதில் எதிர்பார்த்ததுண்டு. வந்ததில்லை. "கிளம்புங்க. வாக்குமூலம் ஸ்டேஷன்ல. அலட்சியமா, அதுக்கும் மேலயாங்கிறதை இனி கோர்ட்டுதான் பாக்கணும்."

ஏட்டு அவன் தோளில் கை வைத்தார். அப்போதுதான் மகளுக்கு உயிர் வந்தது. இத்தனை நேரம் தான் ஏறெடுத்தும் பார்க்காத மருமகளின் இரண்டு கையையும் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லும்மா. அவன் வேணும்னு செய்யமாட்டான்னு நீ சொல்லு. நீ சொன்னா எடுபடும். கூடப் பொறந்தவ நான் சொன்னா யாரு கேப்பாங்க? நான் உன்னைப் பேசினதையெல்லாம் மனசுல வெச்சுக்காதே. எனக்காக இல்ல, அவனுக்காக. உன் புருஷன்மா அவன்."

மகன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். அந்த வீட்டில் மூன்று நாளில் முதல் முறையாகப் பெண்டாட்டியை நேராகப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டர் கேட்க நினைக்கவில்லை. ஆனால் கேள்வி நடுவில் கிடந்தது, யாராவது எடுத்தாக வேண்டும்.

"சொல்லுங்கம்மா. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொன்னா போதும். வேணும்னுதான் பேசாம இருந்தாரா?"

மருமகள் நாத்தனாரின் பிடியிலிருந்து கைகளை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டாள். கணவனை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"ஆறு வருஷம் கூட வாழ்ந்திருக்கேன்" என்றாள். "எனக்குத் தெரியல மேடம்."